எட்டாவது ஆணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் வரும். பிழை இருந்தால் மன்னித்து, திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

எழுத வைத்தவள் என் மகள். இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கில் அறிவியல் படிக்கிறாள். போன மாதம் பள்ளியில் கொடுத்த பெரிய தாள் ஒன்றைத் தன் அறைச் சுவரில் ஒட்டியிருந்தாள். வேதியியலை வளர்த்தவர்களின் முகங்கள் அதில் இருந்தன. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாடு, ஒவ்வொரு நிறம். நான் வேலை முடிந்து வந்து மின்விசிறியை அணைக்க அவள் அறைக்குள் போனேன். தாளின் மூலையில் தலைப்பாகை கட்டிய ஒரு தாடிக்காரர் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. மகள் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது தாள் சுவரில் இல்லை. சுருண்டு என் கையில் இருந்தது. 

"என் ரூம்ல எதுக்குப்பா கை வச்சீங்க? அது என்ன பேய்ப் படமா?" என்று கேட்டாள்.

 ஜோகூர் மாநிலத்துக் கூலாயில் எங்கள் வீடு ஐந்தாவது மாடியில் இருக்கிறது. கீழே இறங்கிப் போய் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அந்தத் தலைப்பாகைக்காரரை நான் முதலில் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. யோங் பெங்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் நாங்கள் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தோம். அம்மா, அப்பா, அம்மாவின் தம்பியான மாமா, மூவரும் ரப்பர்ப் பாலுக்காக மரம் சீவினார்கள். அந்த வருடம் அப்பாவுக்கு மட்டும் வேலை மாறியது. பால் ஸ்டோருக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரு சின்னக் கட்டடம் இருந்தது. அதை லேப் என்பார்கள். அங்கே கையாளாக அப்பாவை எடுத்துக்கொண்டார்கள்.

லேப்பில் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் புரியாது. மரம் சீவுகிறவர்கள் மதியம் வாளியில் பாலைக் கொண்டுவந்து ஸ்டோரில் நிறுப்பார்கள். ஒவ்வொருவர் வாளியிலிருந்தும் ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பால் எடுத்து, எண் எழுதி, தக்கை வைத்து மூடி லேப்புக்கு அனுப்புவார்கள். அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அங்கே பார்ப்பார்கள். கூலி அதைப் பொறுத்தது. பால் வழியில் திரிந்துவிடாமல் இருக்கப் போத்தலில் அம்மோனியா சொட்டுவார்கள். லேப்புக்கு வந்த பிறகு அளந்து எடுத்து, ஆசிட் ஊற்றித் திரிய வைப்பார்கள். சொட்டுவதும் அப்பா வேலை. சுமப்பதும் அப்பா வேலை. போத்தல் கழுவுவதும் அப்பா வேலை.

மரம் சீவுகிறவர்களுக்கு லேப்பைப் பிடிக்காது. சிலர் வாளியில் ஆற்றுத் தண்ணீர் கலப்பார்கள், அது அங்கே போனால் தெரிந்துவிடும். மாமா அப்பாவுக்குத் 'தண்ணி போலீஸ்' என்று பேர் வைத்தார். "தண்ணி போலீஸ் வர்றாரு, எல்லாரும் சல்யூட் அடிங்க லா" என்பார். அப்பா சிரித்துக்கொண்டு போய்விடுவார். அப்பாவும் என்னைப் போல அதிகம் பேசாதவர்.

அம்மாதான் கவலைப்பட்டார். அம்மோனியா வாடையில் நின்று நின்று அப்பாவுக்குக் கண் சிவந்துவிடும், இருமல் வரும். "அந்த நாத்தத்துல நின்னு நெஞ்ச கெடுத்துக்காதீங்க" என்பார். அப்பாவோ வேறு ஏதாவது சொல்வார். ஆற்றுத் தண்ணீரில் கழுவின போத்தலில் பால் சீக்கிரம் திரிகிறது, மழைத் தண்ணீரில் கழுவினால் அப்படி இல்லை என்பார். "இத நான் சொன்னதும் லேப் அம்மா எழுந்து நின்னுட்டாங்க. நோட்டுல எழுதிக்கிட்டாங்க" என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னார். "போத்தல் கழுவுறதுல என்னத்த எழுதறது?" என்று அம்மா கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

லேப் அம்மா என்பவர் அங்கே வேலை பார்த்த கெமிஸ்ட். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இந்த நாட்டிலேயே தைப்பிங்கில் பிறந்தவர் என்று சொல்லிக்கொள்வார்கள். நாற்பது வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. அவர் பேசும் தமிழ் எங்களுக்குப் பாதி புரியும், பாதி சிரிப்பு வரும். ஆபீஸ் ஆட்கள் கிளப்பில் சாப்பிடும்போது அவர் லேப்பின் பின்னறையில் தனியாக ரொட்டி தின்பார். எங்கள் லயத்துப் பெண்களும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். பெரிய இடத்து ஆள் என்று விட்டுவிட்டார்கள்.

பள்ளி விட்டதும் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. முதல் நாள் தூக்குச் சட்டியோடு லேப் வாசலில் நின்றேன். உள்ளே ஒரு நீளச் சுவர். அதில் வரிசையாக ஏழு ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் கெட்டி அட்டையில் ஒட்டிய ஒரு முகம். கீழே இங்கிலீஷில் இரண்டு மூன்று வரிகள். தலைப்பாகை கட்டிய தாடிக்காரர், தோள் வரை முடி வளர்த்த வெள்ளைக்காரக் கிழவர், கொண்டை போட்ட வெள்ளைக்காரப் பெண், டை கட்டிய கறுப்பர், ஜப்பான்காரர் ஒருவர், முடியைக் குட்டையாக வெட்டிய சீன அம்மா. ஏழாவதாகக் கண்ணாடியும் நரைத்த தாடியுமாக ஓர் இந்தியர். ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் வாசலைத் தாண்டவில்லை. காரணம் இதுதான். எங்கள் லயத்தில் சுவரில் இரண்டு வகைப் படங்கள்தான் இருக்கும். ஒன்று சாமி. மற்றது செத்தவர்கள். உயிரோடு இருப்பவர்களின் படம் தகரப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் இருக்கும். கல்யாணப் படத்தைக்கூட யாரும் மாட்ட மாட்டார்கள், ஆயுசு குறையும் என்பார்கள். ஒருவர் இறந்து பதினாறாம் நாள்தான் அவர் பெட்டியிலிருந்து சுவருக்கு ஏறுவார். ஆகவே அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஏழு பேரும் செத்தவர்கள்.

அது சரியாகத்தான் இருந்தது, பெரும்பாலும். எங்கே செத்தார்கள் என்பதில்தான் தப்பு செய்தேன்.

அன்று சாயந்திரம் மாமா கத்தி தீட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "மாமா, லேப்புல செவுத்துல படம் இருக்கே. அவங்கள்லாம் யாரு?"

மாமா லேப் படியைக்கூட மிதித்ததில்லை. அது அவரைத் தடுக்கவில்லை. "அவங்களா? முன்னாடி அங்க வேலை பாத்தவங்க. மருந்து வாடை ஒவ்வொருத்தரா தின்னுருச்சு. இப்ப எத்தன படம் இருக்கு?"

"ஏழு."

"அலமாக். போன வருசம் ஆறுதான் இருந்துச்சுன்னாங்க" என்று சொல்லிவிட்டுக் கத்தியின் முனையைக் கட்டை விரலில் பார்த்தார்.

நான் கணக்குப் போட்டேன். அப்பாவுக்கு முன்னால் லேப்பில் இருந்தவர் ஒரு மலையாளப் பெரியவர். அவரும் கண்ணாடி போடுவார். அவருக்கும் நரைத்த தாடி. இருமிக்கொண்டே ஒருநாள் டாக்சியில் ஏறிப் போனவர் திரும்பி வரவில்லை. ஏழாவது படம் அவர்தான். சிங்கப்பூரில் மகன் வீட்டில் அவர் பேரப்பிள்ளைகளோடு இன்னும் பத்து வருடம் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து அப்பா இரவில் இருமினால் நான் விழித்துக்கொள்வேன். பாயில் படுத்து அவர் மூச்சை எண்ணுவேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அப்பா யோங் பெங் போய்ப் போட்டோ எடுத்துவந்தார். மாமாவின் வெள்ளைச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டிருந்தார். கழுத்துப் பட்டன் மூச்சு முட்டும்படி இறுகியிருந்தது. படத்தில் அவரும் சிரிக்கவில்லை.

"எதுக்கு இப்ப போட்டோ?" என்று அம்மா கேட்டார்.

"லேப் அம்மா ரெண்டு கேட்டாங்க. ஒண்ணு ஆபீஸ் பாஸுக்கு. இன்னொண்ணு எதுக்குன்னு சொல்லல. சிரிக்கிறாங்க" என்றார் அப்பா.

நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

மறுநாள் தூக்குச் சட்டியோடு போனபோது அப்பா இன்னும் ஸ்டோரிலிருந்து வரவில்லை. லேப் அம்மா நாற்காலியின் மேல் ஏறி நின்று சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஏழாவது படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், அதே இடைவெளியில். ஒவ்வோர் அடியும் என் மண்டையில் விழுந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். உதட்டின் மேல் விரலை வைத்தார்.

"அப்பாவிட்டைச் சொல்லிப்போடாதை, என்ன" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பை நினைத்து நான் பல வருடங்கள் விழித்திருக்கிறேன். அன்று தூக்குச் சட்டியை மேசைமேல் வைத்துவிட்டு வீடு வரைக்கும் ஓடினேன். அப்பாவை எப்படியாவது அந்தக் கட்டடத்திலிருந்து வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். போகாதே என்றால் கேட்க மாட்டார். அவர்களாகவே வேண்டாம் என்று அனுப்ப வேண்டும். வேலை சரியில்லை என்று திட்டி, மறுபடியும் மரம் சீவ அனுப்பிவிட்டால் அப்பா பிழைத்துக்கொள்வார். பத்து வயதில் எனக்கு இது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இன்றைக்கும் இதைவிட நல்ல யோசனை அந்த வயதில் வந்திருக்கும் என்று தோன்றவில்லை.

திட்டம் எளிது. போத்தல்களில் இருக்கும் பால் திரிந்துபோனால் சோதனை செய்ய முடியாது. அப்பா அம்மோனியா சொட்ட மறந்துவிட்டார் என்று நினைப்பார்கள்.

அடுத்த நாள் அப்பா போத்தல் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, தூக்குச் சட்டியை வாங்கிக்கொண்டு பின்பக்கம் மரநிழலுக்குப் போனார். லேப் அம்மா பின்னறையில் இருந்தார். நாற்பத்திரண்டு போத்தல்கள். அலமாரியின் கீழ்த்தட்டில் கண்ணாடி மூடி போட்ட ஆசிட் போத்தல் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். எடுத்தேன். மூடியைத் திறந்ததும் வாடை மூக்குக்குள் ஊசி மாதிரி ஏறியது. தக்கையைக் கழற்றுவேன், கொஞ்சம் ஊற்றுவேன், மூடுவேன். அவசரத்தில் பாதி என் விரல்களில் வழிந்தது. முதலில் சில்லென்று இருந்தது. பத்தாவது போத்தலில் எரிய ஆரம்பித்தது. இருபதாவதில் கண்ணீர் வந்தது. ஏழு பேரும் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

நாற்பத்தொன்று முடிந்தது. கடைசிப் போத்தலில் நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தது. அது அம்மாவின் எண். அம்மாவின் பாலைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் லேப் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. சோதனை இல்லை என்ற செய்தி லயம் வரைக்கும் போயிருந்தது. நான் கட்டடத்தின் ஓரத்தில் மழைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். வலது கையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தேன். வெளியே எடுத்தால் எரிச்சல் தாங்க முடியவில்லை. வாசலில் நடந்ததெல்லாம் அங்கிருந்து தெரிந்தது, கேட்டது.

சின்னதுரை வந்திருந்தார். உதவி மேனேஜரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் போத்தல்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காட்டினார். பால் கட்டியாகி உள்ளேயே நின்றது.

"அம்மோனியா போடலையா?" என்று கிராணி கேட்டார்.

"போட்டேங்க. போட்டதாத்தான் நெனப்பு" என்றார் அப்பா. அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

லேப் அம்மா ஒரு நீலக் காகிதத் துண்டைப் போத்தலுக்குள் விட்டு எடுத்தார். அது சிவப்பாக இருந்தது.  கிராணிக்கு அந்தக் காகிதம் தெரியும். "ஆசிட். யாரோ வேணும்னு ஊத்தியிருக்காங்க" என்றார். பிறகு கடைசிப் போத்தலை எடுத்தார். கவிழ்த்தார். பால் தரையில் கொட்டியது.

"இது மட்டும் நல்லா இருக்கு. நாப்பத்திரெண்டு. இது யாரு நம்பர்?"

 எல்லாருக்கும் தெரியும்.

"பொண்டாட்டி பால மட்டும் விட்டுட்டு ஊருல உள்ளவன் பாலை எல்லாம் கெடுத்திருக்கான்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். "தண்ணி போலீஸ்னு கிண்டல் பண்ணதுக்குப் பழி வாங்கிட்டாரு" என்றார் இன்னொருவர். அந்தப் பேரை வைத்த மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மா கூட்டத்தின் பின்னால் முக்காட்டுத் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

சின்னதுரை மலாயில் கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணி அதைத் தமிழில் சொன்னார்: "உண்மையச் சொல்லலேன்னா வேலையும் இல்ல, வீடும் இல்ல. ஒரு வாரத்துல காலி பண்ணணும்."

லேப்பிலிருந்து அனுப்புவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். தோட்டத்திலிருந்தே அனுப்புவார்கள் என்று நினைக்கவில்லை. வெளியே ஓடிப் போய் நான்தான் என்று கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அன்று வராத குரல் பிறகு எந்த நாளும் சரியாக வரவில்லை.

அப்போது லேப் அம்மா கை கழுவப் பீப்பாய்ப் பக்கம் வந்தார். என்னைப் பார்த்தார். தண்ணீருக்குள் இருந்த கையைப் பார்த்தார். தோளைப் பிடித்துப் பின்கதவு வழியாக உள்ளே கொண்டுபோனார். விரல்கள் வெளுத்து, ஓரங்களில் கொப்புளம் கட்டியிருந்தன. சோடா மாவு கரைத்த தண்ணீரில் என் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன நடந்தது ராசா?"

"எறும்பு கடிச்சிருச்சு."

"செவ்வெறும்போ?"

தலையை ஆட்டினேன். அவர் அலமாரியைப் பார்த்தார். ஆசிட் போத்தலின் மூடி சரியாகப் பொருந்தாமல் சாய்ந்து கிடந்தது. அவர் உதடு சிரிக்கப் போவதுபோல் நெளிந்தது, ஆனால் கண்ணில் நீர்.

"உது பொய் இல்லை" என்றார். "எறும்புக்குள்ள இருக்கிறதும் உந்த மருந்துதான்." வெள்ளைக்காரக் கிழவர் இருந்த பக்கமாகத் தலையை அசைத்தார். "எறும்பைக் காய்ச்சி வடிச்சுப் பார்த்துச் சொன்னவர் அவர். இப்ப சொல்லு. என்னத்துக்கு இப்படிச் செய்தனி?"

நான் இடது கையால் சுவரைக் காட்டினேன். எட்டாவது ஆணியைக் காட்டினேன். அழுகையோடு அழுகையாக வந்தது: "எங்கப்பா படத்த அங்க மாட்டாதீங்க. எங்கப்பா சாக வேணாம்."

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். அவருக்கு விளங்க எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. வெளியே கூட்டத்தின் சத்தம் ஏறிக்கொண்டே இருந்தது.

"இவை ஒருத்தரும் இஞ்சை சாகேல்லை" என்றார் மெதுவாக. "இஞ்சை வந்ததும் இல்லை. ஒருத்தர் அரபு தேசம். ஒருத்தர் வங்காளம். அந்த மனுசியைப் பெரிய பள்ளிக்கூடத்துக்குள்ள விடேல்லை, கொட்டிலுக்குள்ள இருந்து வேலை செய்தவ. டை கட்டினவர் அடிமையளின்ரை பேரன். ஒருத்தரையும் ஒருத்தரும் வா எண்டு கூப்பிடேல்லை, ராசா. தாங்களாத்தான் வந்தவை. இந்த ஆணி..."

வெளியே கிராணி அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். லேப் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு எழுந்தார். என் கையை ஈரத் துணியில் சுற்றினார். "இதிலையே இரு. ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதை" என்று சொல்லிவிட்டு முன்கதவைத் திறந்துகொண்டு போனார்.

அவர் குரல் தெளிவாகக் கேட்டது. முதலில் இங்கிலீஷில், பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில். "நான்தான் பிழை விட்டனான். அம்மோனியா காணாது எண்டு நினைச்சு நானே திரும்ப ஊத்தினனான். போத்தல் மாறிப்போச்சு. கடைசிப் போத்தலுக்கு வரேக்கைதான் மணத்தில தெரிஞ்சுது. அதுதான் அது மட்டும் நல்லா இருக்கு. இந்த மனுசனில ஒரு பிழையும் இல்லை."

 பிறகு சின்னதுரை இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் திட்டுவது எந்த மொழியில் இருந்தாலும் தெரியும். நாற்பது ஐம்பது பேர் நடுவில் ஒரு பெரிய படிப்புப் படித்த பெண் தலை குனிந்து நின்று அதை வாங்கிக்கொண்டார். யாரோ ஒருவர் "பொம்பளைய வச்சா இப்படித்தான்" என்று சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். முந்தின நாள் அளவை வைத்தே எல்லாருக்கும் கூலி போடுவதாகக் கிராணி சொன்னார். கூட்டம் கலைந்தது.

அப்பா மட்டும் போகவில்லை. கலைந்த கூட்டத்தின் நடுவில் அப்படியே நின்றார்.

வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசியதைப் பாயில் படுத்துக்கொண்டு கேட்டேன். "அவங்க ஊத்தல. நான்தான் காலையில சொட்டுப் போத்தல்ல மருந்த மாத்தி நிரப்பியிருக்கேன். கடைசில உன் போத்தலுக்குத் தீந்து போயிருக்கு. நான் செஞ்ச தப்ப அவங்க தலைல போட்டுக்கிட்டாங்க" என்றார் அப்பா. அம்மா ஏதோ சமாதானம் சொன்னார். "இல்ல. இனிமே நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க நிக்கிறது" என்றார் அப்பா.

துணி சுற்றிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நான் தூங்குவதுபோல் கிடந்தேன். அம்மாவிடம் எறும்புக் கடி என்று சொல்லியிருந்தேன். அவரும் சுண்ணாம்பு தடவிவிட்டார். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அப்பா செய்யாத தப்பு அப்பாவை விட்டுப் போயிருக்கும். சொல்லவில்லை. லேப் அம்மா சொல்லாதே என்றார், அதனால் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்குப் பயம்.

அந்த வாரமே அப்பா தானாகக் கேட்டுக்கொண்டு மரம் சீவப் போய்விட்டார். லேப் அம்மா இரண்டு முறை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அப்பா போகவில்லை. நாலைந்து மாதத்தில் லேப் அம்மாவும் மாற்றலாகிப் போனார். போகும்போது ஒரு பழுப்பு உறையை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லிக் கிராணியிடம் விட்டுப் போனார். உள்ளே அப்பாவின் போட்டோ, கெட்டி அட்டையில் ஒட்டியது. கீழே இங்கிலீஷில் ஏதோ இருந்தது. படிக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. கிராணியிடம் காட்ட அப்பாவுக்கு வெட்கம். அம்மா அதைத் தகரப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தார். உயிரோடு இருப்பவரின் படம் அங்கேதானே இருக்க வேண்டும்.

பிறகு ஒருநாள் லேப் கதவு திறந்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். சுவரில் எட்டு ஆணிகள் மட்டும் இருந்தன. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அப்பா அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் இருந்தார். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியது, நாங்கள் கூலாய் வந்தோம். அதற்கு முன்பே நான் பள்ளியை விட்டிருந்தேன். அப்பா இறந்தபோது மாட்டுவதற்கு வேறு படம் இல்லை. பெட்டியிலிருந்து அந்த அட்டையை எடுத்துப் போனேன். பிரேம் போடுகிற கடைக்காரர் கீழே இருந்த எழுத்தை உள்பக்கமாக மடித்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். இரவல் சட்டையும் இறுகிய பட்டனுமாக அப்பா சுவரில் ஏறினார். பொட்டு வைத்தோம், மாலை போட்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் திதி. மகளோடு இன்னும் பேச்சு சரியாகவில்லை. படத்தைத் துடைக்க இறக்கினேன். பின் அட்டை கரையான் தின்று கையோடு வந்துவிட்டது. மடித்த பகுதி விரிந்தது. மேல் ஓரத்தில் ஆணிக்காகப் போட்ட ஓட்டை, கீழே நீல மையில் மூன்று வரி. எனக்குத் தெரிந்த கையெழுத்துதான். அந்த ஏழு அட்டைகளிலும் இருந்த அதே எழுத்து.

மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். முதலில் தாத்தாவின் பெயரைப் படித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்: "போத்தலை எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதைப் பொறுத்துப் பால் திரிகிறது என்று முதலில் கவனித்துச் சொன்னவர். பள்ளிக்கூடம் போகாதவர். யோங் பெங், ஜோகூர்." இன்னொரு முறை தனக்குள் வாசித்தாள். "அப்பா, என் தாள்ல இருக்கிற மாதிரியே எழுதியிருக்காங்கப்பா" என்றாள்.

அவள் தாளை நானே மறுபடி ஒட்டிக் கொடுத்தேன். அதற்குப் பக்கத்தில் ஓர் ஆணியும் அடித்தேன். அவளே தாத்தாவின் அட்டையை அதில் மாட்டினாள்.

அப்பா லேப்பை விட்டு மரம் சீவப் போன முதல் நாள் விடியற்காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நடந்து போனார். இருமவில்லை. நான் வாசலில் நின்று, எங்கப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் கை வலிகூடத் தெரியவில்லை. அந்த எட்டாவது ஆணியில் எதை ஏறவிடாமல் தடுத்தேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எழுதி முடித்தது: 14 செப்டம்பர் 2025, ஞாயிறு, கூலாய்.